ஜாமருக்கு எதிராக நாலு ஆன்டெனா: என்ன செய்யும், எங்கே கைவிடும்

கேள்வி இது: "சென்னையில் பொறியியல் படிக்கிறோம். ஜாமருக்குத் தாக்குப்பிடிக்கும் ட்ரோன் ஒன்றை இறுதியாண்டு ப்ராஜெக்டாகச் செய்ய ஆசை. நாலு மூலையிலும் நாலு ஜிபிஎஸ் மாட்யூல் பொருத்தினால் ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும் அல்லவா? ராணுவ ட்ரோன்களில் நாலு, எட்டு என்று ஆன்டெனா வைப்பது இதற்குத்தானே?"

இதற்காக இல்லை. ஜாமர் என்பது அதே அலைவரிசையில் பலமாக இரைந்து ஜிபிஎஸ் சிக்னலை மூழ்கடிக்கும் கருவி. நாலு மாட்யூல் வைத்தால் நாலும் ஒரே நொடியில் போய்விடும். அரை மீட்டர் தள்ளி இருப்பதால் இரண்டாவதுக்கு எந்தச் சலுகையும் கிடைக்காது. ராணுவ ட்ரோனில் இருப்பது நாலு ஆன்டெனா, ஆனால் ஒரே ரிசீவர். நாலிலும் விழும் அலைகளை அவற்றின் ஃபேஸ் (அலை தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது) கெடாமல் ஓரிடத்துக்குக் கொண்டுவந்து, தகுந்தபடி திருப்பிக் கூட்டி, ஜாமர் இருக்கும் திசைக்கு மட்டும் மொத்தத் தொகுப்பையும் செவிடாக்கிவிடுவார்கள். இதற்கு ஆன்டெனா அரே என்று பெயர். பல சேனல் ரிசீவர்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இதில் கணக்கு எல்லோரும் பயப்படுவதைவிட எளிது. கருவி எல்லோரும் நினைப்பதைவிடக் கடினம்.

முதலில் சிக்னலின் பலம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1575.42 மெகாஹெர்ட்ஸில், அதாவது எல்1 அலைவரிசையில், அது அனுப்புவது தரைக்கு வந்து சேரும்போது சுமார் மைனஸ் 128.5 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல் அளவு; 10 டெசிபெல் என்றால் பத்து மடங்கு). ஒரு வாட்டைக் கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடி நூறு கோடிப் பங்காக்கினால் ஏறக்குறைய அவ்வளவு. ரிசீவரின் 2 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வெப்ப இரைச்சல் மட்டுமே மைனஸ் 111 டிபிஎம் இருக்கும். ஆக, ஜாமரே இல்லாத நல்ல நாளிலும் சிக்னல் இரைச்சலில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான். ஸ்பெக்ட்ரம் அனலைசரில் ஆன்டெனாவை மாட்டிப் பார்த்தால் ஜிபிஎஸ் கண்ணுக்கே தெரியாது. செயற்கைக்கோள் அனுப்பும் 1023 சிப் (துண்டு) நீளமுள்ள குறியீடு முன்பே தெரியும் என்பதால், ரிசீவர் அதை வைத்துப் பொருத்திப் பார்த்து, 20 மில்லிசெகண்ட் சேர்த்துக் கூட்டி, சுமார் 43 டெசிபெல் ஆதாயம் பெறுகிறது. அந்த ஆதாயத்தில்தான் மொத்தப் பிழைப்பும் ஓடுகிறது.

இப்போது 10 கிலோமீட்டர் தள்ளி, தடையில்லாத நேர்ப்பார்வையில், 1 வாட் ஜாமர் ஒன்றை வையுங்கள். அந்தத் தூரத்தில் இந்த அலைவரிசை இழப்பது சுமார் 116 டெசிபெல். அப்படியும் உங்கள் ஆன்டெனாவுக்கு மைனஸ் 86 டிபிஎம் வந்து சேரும். செயற்கைக்கோளைவிட 42 டெசிபெல் அதிகம், கிட்டத்தட்ட 16,000 மடங்கு. சாதாரண ரிசீவர் 30 டெசிபெல் வரை எப்படியோ சமாளிக்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அந்த 1 வாட் ஜாமர் 40 கிலோமீட்டர் வரை அதை வீழ்த்தும். தரையில் இருப்பவரைக் கட்டடமும் மேடும் காப்பாற்றும். 100 மீட்டர் உயரத்தில் பறக்கும் ட்ரோனுக்கு ரேடியோ அடிவானமே சுமார் 41 கிலோமீட்டர். உங்கள் ப்ராஜெக்டின் முதல் சிக்கல் இதுதான்: உயரம் போகப் போக ட்ரோன் ஜாமர்களின் பார்வையில் போய் நிற்கிறது.

இதெல்லாம் காகிதக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் நியூவர்க் விமான நிலையத்தில் விமானங்கள் தரையிறங்க உதவும் ஜிபிஎஸ் தரை நிலையம் ஒன்றை நிறுவியபோது, அது அவ்வப்போது காரணமில்லாமல் தடுமாறியது. பக்கத்து நெடுஞ்சாலையில் போகும் வண்டிகளில் சிகரெட் லைட்டர் துளையில் செருகியிருந்த குட்டி ஜாமர்கள்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. தான் எங்கே போகிறோம் என்று முதலாளி பார்க்கக் கூடாது என்பதற்காக ஜாமர் வைத்திருந்த ஓட்டுநர் ஒருவர் 2012-இல் பிடிபட்டார். 31,875 டாலர் அபராதம் என்று 2013-இல் அறிவித்தார்கள். 2024 ஏப்ரல் இறுதியில் ஃபின்னேர் நிறுவனம் எஸ்தோனியாவின் டார்ட்டு நகருக்குப் போகும் விமானங்களை ஒரு மாதம் நிறுத்தியது, ஜிபிஎஸ் இடையூறு காரணமாக. நம் நாட்டில் 2023 நவம்பருக்கும் 2025 பிப்ரவரிக்கும் இடையே 465 சம்பவங்கள் பதிவானதாக நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பக்கம்.

சரி, அரே எப்படி வேலை செய்கிறது? இரண்டு ஆன்டெனாவோடு தொடங்குவோம். எல்1 அலைநீளம் 19 சென்டிமீட்டர். அதில் பாதி, 9.5 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டையும் வைக்கிறோம். இரண்டையும் இணைக்கும் கோட்டின் நேரே, அடிவானத்திலிருந்து ஜாமர் அலை வருகிறது. முதல் ஆன்டெனாவைத் தொட்டபின் 9.5 சென்டிமீட்டர் கூடுதலாகப் பயணித்துத்தான் இரண்டாவதை அடையும். அரை அலைநீளம் என்றால் 180 டிகிரி. ஒன்றில் மேடு இருக்கும்போது மற்றதில் பள்ளம். இரண்டையும் வெறுமனே கூட்டினாலே ஜாமர் மறைந்துவிடும். உச்சியில் இருக்கும் செயற்கைக்கோளின் அலையோ இரண்டையும் ஒரே நேரத்தில் தொடும், கூட்டினால் இரட்டிப்பாகும். ஜாமர் வேறு கோணத்தில் இருந்தால் இரண்டாவது ஆன்டெனாவின் சிக்னலைத் தேவையான டிகிரிக்குத் திருப்பி, தேவையான அளவுக்குப் பெருக்கிப் பிறகு கூட்டினால் போதும். இந்தத் திருப்பலும் பெருக்கலும் சேர்ந்த கலப்பெண்ணுக்கு எடை என்று பெயர். நாலு ஆன்டெனா என்றால் நாலு எடை. அரே செய்யும் வேலை முழுவதும் அந்த எடைகளைக் கண்டுபிடிப்பதுதான்.

ஜாமர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாமல் எடைகளை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 1950களின் இறுதியில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பால் ஹவல்ஸ், ரேடாரைக் குழப்பும் சிக்னலைத் தானாகவே கழிக்கும் சுற்று ஒன்றைச் செய்தார். சிட்னி ஆப்பிள்பாம் 1966-இல் அதற்கு முறையான கோட்பாடு எழுதினார். அடுத்த ஆண்டு பெர்னார்ட் விட்ரோவும் கூட்டாளிகளும் தாமாகக் கற்றுக்கொள்ளும் ஆன்டெனா பற்றி எழுதினார்கள். ரேடாரிலும் வானொலித் தொடர்பிலும் அவர்கள் எல்லோருக்கும் ஒரே தலைவலி: நமக்கு வேண்டிய சிக்னலும் பலமாக இருக்கிறது, "பலமாக வருவதையெல்லாம் கொல்" என்று சொன்னால் அதுவும் சேர்ந்து செத்துவிடும். அதனால் வேண்டியது எது என்று அல்காரிதத்துக்கு ஏதாவது ஒரு வழியில் சொல்லியாக வேண்டியிருந்தது.

ஜிபிஎஸ்ஸுக்கு அந்தத் தலைவலி கிடையாது. நம் சிக்னல் இரைச்சலுக்கு அடியில் கிடக்கிறது. ஆன்டெனாவில் இரைச்சலுக்கு மேலே எது தலை நீட்டினாலும் அது நிச்சயமாக நம்முடையது அல்ல. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு ஒரே கட்டளை போதும்: ஒரு ஆன்டெனாவின் எடையை 1 என்று பூட்டிவிடு, மற்ற எடைகளை மாற்றி மாற்றி, மொத்த வெளியீட்டின் திறனை முடிந்த அளவு குறை. பூட்டாமல் விட்டால் எல்லா எடையையும் பூஜ்யமாக்கிவிட்டு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடும். பூட்டியபின் அது குறைக்கக்கூடியது ஜாமரை மட்டுமே. இரைச்சல் ஒவ்வொரு ஆன்டெனாவிலும் தனித்தனியானது, கழித்தால் போகாது. செயற்கைக்கோள் சிக்னல் இருப்பதே அல்காரிதத்தின் கண்ணில் படாது. இதைப் பவர் இன்வெர்ஷன் என்பார்கள். காம்ப்டன் 1979-இல் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். ஜிபிஎஸ்ஸின் பெரிய பலவீனமே இங்கே பெரிய வசதியாகிவிடுகிறது.

செய்முறையாகச் சொன்னால்: நாலு சேனலிலிருந்தும் ஒரு மில்லிசெகண்ட் மாதிரிகளை எடுங்கள். ஒவ்வொரு சேனலையும் மற்ற ஒவ்வொன்றோடும் பெருக்கிச் சராசரி எடுத்தால் 4க்கு 4 கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸ் கிடைக்கும். அதன் நேர்மாறைக் கண்டுபிடித்து, பூட்டிய ஆன்டெனாவுக்குரிய நிரலை எடுத்து, அந்த ஆன்டெனாவின் எடை 1 ஆகும்படி வகுத்துவிடுங்கள். அவ்வளவுதான் எடை. அடுத்த மில்லிசெகண்டுக்கு மறுபடியும் இதே கணக்கு. நம்பையில் (NumPy, பைத்தானின் கணித நூலகம்) பத்து வரிக்கு மேல் போகாது. ஆன்டெனா எந்தப் பக்கம் பார்க்கிறது, செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது, கேபிள் நீளம் என்ன என்று எதுவும் கேட்காது. கேபிள் நீளத்தால் வரும் ஃபேஸ் வித்தியாசத்தையும் எடையே விழுங்கிக்கொள்ளும்.

இதற்கு மேல் ஒரு படி உண்டு. ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் தனித்தனி எடைத் தொகுதி வைத்து, ஜாமர் பக்கம் செவிடாகவும் செயற்கைக்கோள் பக்கம் கூர்மையாகவும் கேட்கச் செய்வது. நாலு ஆன்டெனாவில் அதிகபட்சம் 6 டெசிபெல், ஏழில் 8.5 டெசிபெல் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் இதற்கு ட்ரோன் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, ஒவ்வொரு ஆன்டெனாவின் ஃபேஸ் என்ன என்று துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். முதல் ப்ராஜெக்டில் இதைத் தொடாதீர்கள்.

எவ்வளவு பலன் கிடைக்கும்? 30 டெசிபெல் ஒடுக்கம் கிடைத்தால், 40 கிலோமீட்டர் வரை வீழ்த்திய அந்த 1 வாட் ஜாமரின் வீச்சு 1.3 கிலோமீட்டருக்குச் சுருங்கிவிடும். ஜாமருக்குச் சொந்தக்காரர் பழைய வீச்சு வேண்டும் என்றால் 1,000 வாட் போட வேண்டும். அந்த அளவு பலத்தோடு ஒலிபரப்புபவரைத் திசை பார்த்துக் கண்டுபிடிப்பது சுலபம். அவருக்கும் அது தெரியும்.

அந்த 30 டெசிபெல் கையில் கிடைக்கிறதா என்பது கருவியைப் பொறுத்தது. எல்லோரும் வழுக்கி விழும் இடம் இது.

நாலு சேனலும் ஒரே லோக்கல் ஆசிலேட்டரிலும் (வரும் அலையைத் தாழ்ந்த அலைவரிசைக்கு இறக்க ரிசீவர் உண்டாக்கும் அலை), மாதிரி எடுக்கும் ஒரே கடிகாரத்திலும் ஓட வேண்டும். நாலு தனி மாட்யூல் உதவாது என்று சொன்னதற்குக் காரணம் இது. ஒவ்வொன்றும் தன் கிரிஸ்டலில் தன் போக்கில் ஓடும். அவற்றுக்கு இடையிலான ஃபேஸ் ஒவ்வொரு கணமும் நழுவிக்கொண்டே இருக்கும். அதோடு, மாட்யூல் உங்களுக்குத் தருவது கணக்கிட்டு முடித்த இடத்தை. அலையே கையில் இல்லாதபோது எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது?

அடுத்தது பிட். சாதாரண ஜிபிஎஸ் சிப்பில் ஏடிசி, அதாவது அலையை எண்ணாக மாற்றும் பகுதி, 1 அல்லது 2 பிட்தான். சிக்னல் இரைச்சலுக்குள் இருக்கும்வரை அது போதும். ஜாமர் வந்ததும் அந்த 2 பிட்டையும் ஜாமரே நிரப்பிவிடும். அதற்கடியில் இருந்தது மாதிரியில் பதிவாகவே ஆகாது. பதிவாகாததை எந்தக் கணக்காலும் மீட்க முடியாது. ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபெல். இரைச்சலைவிட 60 டெசிபெல் உயர்ந்த ஜாமரையும் அடியில் உள்ள இரைச்சலையும் ஒருசேரப் பிடிக்க 10 பிட், கொஞ்சம் இடம் விட்டால் 12 முதல் 14 பிட் வேண்டும். ஏடிசிக்கு முன்னால் இருக்கும் பெருக்கிகளும் அந்த அளவு ஜாமரைத் திரிக்காமல் கடத்த வேண்டும். கடைகளில் கிடைக்கும் ஆக்டிவ் ஆன்டெனாக்களின் உள்ளே இருக்கும் பெருக்கி பலமான ஜாமருக்கு முன் முதலிலேயே படுத்துவிடும்.

மூன்றாவது, சேனல்களின் ஒற்றுமை. நிலையான ஃபேஸ் வித்தியாசத்தை எடை விழுங்கிக்கொள்ளும் என்றேன். ஆனால் ஒவ்வொரு சேனலுக்கும் எடை ஒன்றே ஒன்று. அலைவரிசைக்குள் ஒரு ஓரத்தில் ஒரு வித்தியாசம், மறு ஓரத்தில் வேறு வித்தியாசம் என்று இருந்தால் அந்த ஒற்றை எடையால் இரண்டையும் சரிக்கட்ட முடியாது. இப்படி மிச்சமாகும் பிழை 1 டிகிரி என்றால் ஒடுக்கம் 35 டெசிபெலோடு நின்றுவிடும். ஆம்ப்ளிட்யூடில் 1 டெசிபெல் மிச்சம் என்றால் 18 டெசிபெல்தான். 0.1 டெசிபெல் வரை பொருத்திவிட்டால் 38க்கு மேல் போகலாம். ஒரே தொழிற்சாலை, ஒரே மாடல் என்று வாங்கிய இரண்டு ஃபில்டர்களை நெட்வொர்க் அனலைசரில் அடுத்தடுத்து மாட்டி, ஓரங்களில் அவை எப்படிப் பிரிந்து போகின்றன என்று பாருங்கள். அல்காரிதத்தை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருப்பவர்கள் அந்தப் படத்தைப் பார்த்ததும் சாலிடரிங் இரும்பைத் தேடிப் போவார்கள்.

ஃபில்டர்கள் குறையே இல்லாதவை என்று வைத்துக்கொண்டாலும் இயற்பியலே ஒரு எல்லை போடுகிறது. 9.5 சென்டிமீட்டரைக் கடக்க அலைக்கு 0.32 நானோசெகண்ட் ஆகிறது. இது காலதாமதம், நாம் ஈடுகட்டுவதோ ஃபேஸால். நடு அலைவரிசையில் இரண்டும் ஒன்றுதான். 10 மெகாஹெர்ட்ஸ் தள்ளிப் போனால் 1.1 டிகிரி பிசகும். 20 மெகாஹெர்ட்ஸ் அகல ரிசீவரில் ஓரங்களில் ஒடுக்கம் 34 டெசிபெலைத் தாண்டாது. உங்கள் 2 மெகாஹெர்ட்ஸ் ப்ராஜெக்டுக்கு இது கவலையே இல்லை. அகலமான சிக்னல்களுக்கு ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் ஒரே எடைக்குப் பதில், சிறு சிறு தாமதங்களோடு ஐந்தாறு எடைகளை வரிசையாக வைப்பார்கள். ஒடுக்கம் ஆழமாகும். கைமாறாக அந்த வடிகட்டல் செயற்கைக்கோள் சிக்னலின் நேரத்தையும் லேசாக வளைக்கும். மீட்டர் கணக்கில் இடம் தெரிந்தால் போதும் என்பவருக்குப் பரவாயில்லை. சென்டிமீட்டர் கேட்கும் சர்வே வேலைக்கு அந்த வளைவைத் தனியாகக் கணக்கிட்டுத் திருத்த வேண்டும். அது ஒரு முனைவர் பட்டத்துக்குரிய வேலை.

இனி, அரே எங்கே கைவிடும் என்று பார்க்கலாம். நாலு ஆன்டெனா என்றால் ஒன்றைப் பூட்டியபின் மிச்சம் மூன்று எடை. மூன்று திசைகளைச் செவிடாக்கலாம். நாலு திசையிலிருந்து நாலு ஜாமர் ஒரே நேரத்தில் வந்தால் கணக்கு உடைந்துவிடும். உக்ரைன் போரில் இந்த எண்ணிக்கைப் போட்டியைக் கண்ணால் பார்க்கலாம். ரஷ்யர்கள் ஷாஹெட் வகை ட்ரோன்களிலும் சறுக்கு குண்டுகளிலும் கொமேத்தா என்ற ஆன்டெனா அரேயைப் பொருத்தினார்கள். நாலு ஆன்டெனாவில் தொடங்கி எட்டு, பன்னிரண்டு, பதினாறு என்று அது வளர்ந்துகொண்டே போனது. எதிர்த்தரப்பு ஒரு பெரிய ஜாமருக்குப் பதில் பல ஜாமர்களைப் பரவலாக வைத்தால், ட்ரோன்காரர் ஆன்டெனாக்களைக் கூட்டித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு, இதைப் பலர் மறந்துவிடுவார்கள். ஒரே ஒரு ஜாமர்கூட விமானத்தின் இறக்கையிலும் வாலிலும் பட்டுத் தெறித்து இரண்டு மூன்று திசைகளிலிருந்து வருவதுபோல ஆகலாம். ஒவ்வொரு தெறிப்பும் ஓர் எடையைச் சாப்பிடும். இரண்டு ஜாமர்கள் மாறி மாறி விட்டு விட்டு அலறினால், எடைகள் ஒன்றுக்குப் பழகுவதற்குள் மற்றது வந்துவிடும். வேகமாகச் சுழலும் ட்ரோனிலும் இதே கதைதான். மில்லிசெகண்டுக்கு ஒருமுறை எடையைப் புதுப்பிக்கச் சொன்னது அதனால்தான்.

செவிட்டுத் திசை ஊசிமுனை அளவில் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். உள்ளங்கை இரண்டின் அகலமே உள்ள அரேயில் அது அகலமாகவே விழும்; அந்தப் பக்கம் இருக்கும் செயற்கைக்கோள்களும் அதோடு போய்விடும். முன்பு ஜிபிஎஸ் மட்டும் இருந்தபோது இது பெரிய இழப்பு. இன்று கலிலியோ, க்ளோனாஸ், பெய்டோ எல்லாம் சேர்த்துப் பார்க்கும் ரிசீவருக்கு வானத்தில் தாராளமாக இருக்கிறது. ஜாமர்கள் பெரும்பாலும் அடிவானத்தை ஒட்டியே இருப்பதால், தாழ்வான செயற்கைக்கோள்கள் சிலவற்றை இழந்தாலும் தலைக்கு மேலே இருப்பவை தப்பிவிடும். பயணிகள் விமானத்தில் ஏன் இதை இன்னும் பொதுவாகப் பார்க்க முடிவதில்லை என்பதற்கும் அளவு ஒரு காரணம். அங்கே ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்கு விட்டிருக்கும் இடம் சுமார் 12க்கு 8 சென்டிமீட்டர்; அரை அலைநீள இடைவெளியில் நாலை வைக்க அது போதாது. நெருக்கி வைத்தால் ஆன்டெனாக்கள் ஒன்றை ஒன்று பாதிக்கும். இன்னொரு காரணம் ஏற்றுமதிக் கட்டுப்பாடு. ஏவுகணைத் தொழில்நுட்பம் பரவாமல் தடுக்கும் எம்டிசிஆர் பட்டியலில், ஜாமரை எதிர்க்கும் இப்படிப்பட்ட ஆன்டெனாவுக்காக வடிவமைத்த ரிசீவர்கள் பெயர் சொல்லியே இடம் பெற்றிருக்கின்றன. இந்தக் கட்டுப்பாட்டின் நோக்கம் புரிகிறது. ஆனால் பொதுமக்கள் ஏறும் விமானத்துக்கு வேண்டிய பாதுகாப்பு அதனால் தாமதமானது என்பதே என் எண்ணம்.

ஸ்பூஃபிங் வேறு விலங்கு. போலிச் செயற்கைக்கோள் சிக்னல் அனுப்பி ரிசீவரைத் தவறான இடத்துக்கு இழுத்துப் போவது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாட் ஹம்ஃப்ரீஸ் குழு 2013-இல் மத்தியதரைக் கடலில், கப்பலின் சம்மதத்தோடு, ஒரு சொகுசுப் படகை இப்படித் திசை திருப்பிக் காட்டியது. 2017 ஜூனில் கருங்கடலில் இருந்த பல கப்பல்கள் தாங்கள் ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின. கெட்டிக்காரர் போலிச் சிக்னலை உண்மையானதைவிடக் கொஞ்சம் மட்டும் பலமாக அனுப்புவார். அதுவும் இரைச்சலுக்கு அடியிலேயே கிடக்கும். நம் பவர் இன்வெர்ஷனுக்கு அது தெரியவே தெரியாது. ஜிபிஎஸ்ஸின் பலவீனம் தந்த வசதி இங்கே எதிரிக்குப் போய்விடுகிறது.

ஆனாலும் அரே இங்கேயும் உதவும், வேறு இடத்தில். குறியீட்டைப் பொருத்திச் சிக்னலை வெளியே எடுத்தபின் ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் ஆன்டெனாக்களுக்கு இடையிலான ஃபேஸ் வித்தியாசத்தைப் பாருங்கள். உண்மையான வானம் என்றால் ஒன்று 30 டிகிரி, ஒன்று 140, ஒன்று மைனஸ் 80 என்று ஆளுக்கு ஒன்றாக இருக்கும், ஏனென்றால் அவை வானமெங்கும் பரவிக் கிடக்கின்றன. போலி என்றால் எட்டு செயற்கைக்கோளும் ஒரே எண்ணைக் காட்டும். எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து, ஒரே திசையிலிருந்து வருகின்றன. இதைக் கண்டுபிடிக்க இரண்டு ஆன்டெனா போதும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மார்க் சியாக்கி 2014-இல் அதே படகிலேயே இதைச் சோதித்துப் பார்த்தார். என்னைக் கேட்டால், மாணவர் ப்ராஜெக்டுக்கு ஜாமர் ஒடுக்கத்தைவிட இது நல்ல தலைப்பு. 14 பிட் வேண்டாம், ஃபில்டர் பொருத்தம் வேண்டாம், விடை ஆம் அல்லது இல்லை என்று வரும்.

இல்லை, ஜாமர்தான் வேண்டும் என்றால் ட்ரோனை ஆறு மாதம் தள்ளி வையுங்கள். மேசையில் தொடங்குங்கள். க்ராக்கன் எஸ்டிஆர் என்ற ஐந்து சேனல் ரிசீவர் கிடைக்கிறது. ஐந்தும் ஒரே கடிகாரத்தில் ஓடுகின்றன, 1766 மெகாஹெர்ட்ஸ் வரை போகும் என்பதால் எல்1 உள்ளே வந்துவிடுகிறது. ஏடிசி 8 பிட்தான், ஆக 40 டெசிபெலுக்கு மேல் ஆசைப்படக் கூடாது. கொள்கையை நிரூபிக்க அது போதும். நாலு பேட்ச் ஆன்டெனாவை ஒரே அலுமினியத் தகட்டின் மேல், சதுரமாக, 9.5 சென்டிமீட்டர் இடைவெளியில், எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி ஒட்டுங்கள். ஒன்றை மட்டும் 90 டிகிரி திருப்பி ஒட்டினால் வட்ட முனைவாக்கத்தால் (ஜிபிஎஸ் அலை சுழன்றபடியே வருவதால்) அதன் ஃபேஸும் 90 டிகிரி திரும்பிவிடும். பிறகு தேடு தேடென்று தேடுவீர்கள்.

ஜாமரைக் காற்றில் விடாதீர்கள். மொட்டை மாடியில் ஐந்து நிமிடம்தானே என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். இந்தியாவில் அது சட்டவிரோதம்; கல்லூரிக்கு மேலே மீனம்பாக்கத்துக்குப் போகும் விமானமும் இருக்கும். ஆன்டெனா பதிவு செய்த மாதிரிகளின் மேல், நீங்கள் விரும்பும் திசைக்குரிய ஃபேஸ்களோடு ஜாமரைக் கணினியிலேயே கூட்டிவிடலாம். அல்லது சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து அட்டென்யூவேட்டர், பிரிப்பான் வழியாகக் கேபிளிலேயே நாலு சேனலுக்கும் கொடுக்கலாம். இரண்டாவது முறையில்தான் உங்கள் ஃபில்டர்களின் உண்மையான குணம் வெளியே வரும்.

இவை எதற்கும் முன்னால் ஒரு சோதனை உண்டு. ஜிபிஎஸ்ஸின் துல்லியத்தைக் கூட்டும் இந்தியாவின் ககன் சேவையின் சிக்னலை எல்1-இல் அனுப்பும் ஜிசாட்-10 புவிநிலைச் செயற்கைக்கோள் 83 டிகிரி கிழக்கில் இருக்கிறது. சென்னையிலிருந்து அது தெற்கே, 12 டிகிரி கிழக்காகச் சாய்ந்து, 74 டிகிரி உயரத்தில் நிற்கும், நகராது. தகட்டின் ஒரு பக்கம் சரியாக வடக்கு தெற்காக இருக்கும்படி வைத்து, அதன் குறியீட்டை நாலு சேனலிலும் தனித்தனியாகப் பொருத்தி எடுத்து, ஃபேஸ் வித்தியாசங்களைப் பாருங்கள். வடக்கு தெற்கு ஜோடியில் வடிவக் கணக்குப்படி சுமார் 47 டிகிரி வர வேண்டும், கிழக்கு மேற்கு ஜோடியில் சுமார் 10. அப்படியே வராது. க்ராக்கன் தன் உள்ளே இருக்கும் சேனல்களைத் தானே சமன் செய்துகொள்ளும். அதற்கு வெளியே இருக்கும் கேபிளும் ஆன்டெனாவும் அதன் பொறுப்பில் இல்லை. ஒரு சென்டிமீட்டர் கேபிள் கூடினாலே 28 டிகிரி போய்விடும். வந்த எண்ணுக்கும் கணக்குக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு, தகட்டை 90 டிகிரி திருப்பி மறுபடி பாருங்கள். இரண்டு ஜோடியும் இடம் மாறி, அதே வித்தியாசங்கள் சில டிகிரிக்குள் திரும்ப வந்தால் உங்கள் கருவி நம்பத்தக்கது. மணிக்கு மணி அது மாறிக்கொண்டே இருந்தால், கனெக்டரை இறுக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள்.